ஃபிடோவிடமிருந்து தப்பிய நீர்மூழ்கிகள்: ஒரு விழுக்காட்டின் மறுவாசிப்பு

1943 மே மாதம் அட்லாண்டிக்கில் களமிறங்கிய, விமானத்திலிருந்து வீசப்பட்டு ஒலியைத் தேடிச்செல்லும் மார்க் 24 டார்பிடோவை, அதாவது ஃபிடோவை, மதிப்பிடுவோர் முதலில் எடுத்துக்காட்டுவது ஒரே எண்ணைத்தான். அமெரிக்க விமானங்கள் அதைக்கொண்டு நடத்திய 142 தாக்குதல்களில் 31 நீர்மூழ்கிகள் மூழ்கின, 15 சேதமடைந்தன. மூழ்கடிப்பு விகிதம் 22 விழுக்காடு. ஆழ்வெடிகுண்டுக்கு அது 9.5 விழுக்காடே. இந்தக் கணக்கை ஆயுதத்தின் இயல்பாகவே கொண்டு, போர் உருவகப்படுத்தல்களில் ஒவ்வொரு வீச்சுக்கும் பொருத்தும் போக்கு ஒன்று உண்டு. அந்த எண் ஆயுதத்தைவிட, தன்னைத் துரத்துவது எதுவென்று அறியாத கப்பல் தலைவரைப் பற்றியே அதிகம் சொல்கிறது என்பது என் வாதம்.

நேச நாடுகள் அனைத்தையும் சேர்த்த கணக்கை எடுத்துக்கொள்வோம். வீசப்பட்ட டார்பிடோக்கள் 340, நீர்மூழ்கிகள் மீது நடந்தவையாக ஏற்கப்பட்ட தாக்குதல்கள் 204, மூழ்கியவை 37. 204-ஆல் வகுத்தால் 18 விழுக்காடு, 340-ஆல் வகுத்தால் 11. நீர்மூழ்கிகள் மீதானவையாக ஏற்கப்படாத வீச்சுகள் எங்கே போயின? பழுதானவையும், திமிங்கிலத்தையோ வெறும் அலையையோ குறிவைத்தவையும் அவற்றில் இருக்கலாம். ஆனால் ஒலியடக்கி நழுவிய நீர்மூழ்கி எண்ணெயோ மிதக்கும் சிதைவோ விட்டுச்செல்வதில்லை. மிகத் திறம்படத் தப்பியதே 'இலக்கு இல்லை' என்ற வரிசையில் விழ வாய்ப்பு மிகுதி. எத்தனை அப்படி விழுந்தன என்று அறுதியிட முடியாது. ஒன்றுகூட விழவில்லை என்று கொள்வதுதான் துணிச்சலான அனுமானம்.

மறுதிசைப் பிழையும் உண்டு. யு-266 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கி மே 14 அன்று பிரிட்டிஷ் லிபரேட்டர் விமானம் வீசிய ஃபிடோவுக்குப் பலியானதாகவே நெடுங்காலம் பதிவாகியிருந்தது. மறுநாள் ஹாலிஃபாக்ஸ் விமானத்தின் ஆழ்வெடிகுண்டுகளால் அது மூழ்கியது என்பதே இன்றைய முடிவு. அப்படியானால் 14-ஆம் தேதி குறிவைக்கப்பட்டது வேறொரு கப்பல், அது பிழைத்திருக்கக்கூடும்.

தப்பும் வழியை இயற்பியலே காட்டுகிறது. ஃபிடோவின் வேகம் 12 நாட், ஓட்டம் ஏறத்தாழ 10 நிமிடம். நடுவுடலைச் சுற்றியுள்ள நான்கு நீரொலி வாங்கிகள், உந்துவிசிறி வேகமாகச் சுழலும்போது குமிழிகள் தோன்றி உடையும் ஓசையைப் பற்றிக்கொள்ளும். ஆழம் கூடினால் நீரழுத்தம் அக்குமிழிகளை அடக்கும். வேகம் குறைந்தால் அவை தோன்றவே மாட்டா. ஆகவே ஆழத்தில் 2 நாட் வேகத்தில் ஊர்ந்தால் ஃபிடோவுக்குக் காது இல்லை. ஆனால் விமானத்தைக் கண்டதும் முழு வேகத்தில் விசிறியைச் சுழற்றி மூழ்குவதே ஜெர்மானியப் பயிற்சி. ஆழ்வெடிகுண்டுக்கு அதுவே சரியான விடை. ஃபிடோவுக்கோ, ஆழம் இன்னும் குறைவாகவும் ஓசை உச்சமாகவும் இருக்கும் அந்தக் கணமே வேட்டைக் கணம். நீர்மூழ்கி மூழ்கிய பிறகே வீச வேண்டும் என்ற நேச நாட்டு விதியும் அதே கணத்தைத்தான் தேர்ந்தது. 22 விழுக்காடு அங்கே அளக்கப்பட்டது. ஒலியடக்கிக் கிடக்கும் கப்பலுக்கு அது பொருந்தாது.

மேற்பரப்பிலேயே நின்று விமானங்களைச் சுடுமாறு ஜெர்மன் கடற்படைத் தலைவர் டோனிட்ஸ் 1943-இல் இட்ட ஆணையை ஃபிடோவுக்கான எதிர்த்தந்திரம் என்று படிப்பதற்கில்லை. அது பிஸ்கே விரிகுடாவின் பொதுவான வான்தாக்குதலுக்கு எழுந்த விடை. அந்த ஆணை கப்பலை டார்பிடோவிலிருந்து காப்பாற்றியிருக்கலாம்; பீரங்கிக்கும் குண்டுக்கும் காட்டிக்கொடுத்தது.

போருக்குப் பின் கிடைத்த ஜெர்மானியக் குறிப்பேடுகள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டன என்பர் சிலர். ஆனால் மெதுவாக விலகிய கப்பலுக்குத் தன்மீது டார்பிடோ வீசப்பட்டதே தெரிந்திராது. தெரியாததைக் குறிப்பேடு எப்படிச் சொல்லும்?

எனவே உருவகப்படுத்தலில் நிலையான நிகழ்தகவு எடுபடாது. மூழ்கிய பின் கழிந்த நொடிகள், விசிறியின் வேகம், ஆழம் ஆகிய மூன்றையும் சார்ந்தே அது மாற வேண்டும். தலைவர் பாத்திரத்துக்கு ஃபிடோ இருப்பதே தெரியக் கூடாது. நீருக்கடியில் 7.6 நாட் மட்டுமே எட்டிய ஏழாம் வகை நீர்மூழ்கியிடம் அளந்த விகிதத்தை, அங்கே 17 நாட் எட்டிய இருபத்தொன்றாம் வகைமீது ஏற்றுவதை உடனே நிறுத்த வேண்டும். அந்த வகை ஃபிடோவைவிட வேகமாகவே ஓடும்.