நுளம்பு வழி மூளைக்காய்ச்சல் (இலங்கை)

நுளம்புக் கடியால் உடலில் புகும் சில வைரசுகள் மூளை, முள்ளந்தண்டு வடம், நரம்புகள் ஆகியவற்றைத் தாக்குகின்றன. இலங்கையில் இவ்வகையில் மிகக் கொடியதாக விளங்கியது யப்பானிய மூளைக்காய்ச்சல்.

நோயின் இயல்பு
நீர்ப்பறவைகளும் பன்றிகளும் இவ்வைரசின் இருப்பிடங்கள். வயல்நீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு அதை மனிதருக்குக் கடத்துகிறது. தொற்றியவர்களில் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவரே கடும் நோய்க்கு ஆளாகிறார். மூளையழற்சி கண்டோரில் 30 சதவீதம் வரை இறக்கலாம். பிழைத்தோரிலும் 20 முதல் 30 சதவீதத்தினருக்கு வலிப்பு, கைகால் முடக்கம், நடுக்கம், பேச்சுத் தடை, அறிவாற்றல் குறைவு போன்றவை நிலைத்துவிடுகின்றன.

வரலாறு
யப்பானில் 1924ஆம் ஆண்டின் பெருந்தொற்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. 1935இல் இறந்த நோயாளி ஒருவரின் மூளையிலிருந்து நக்கயாமா வகை வைரசு பிரித்தெடுக்கப்பட்டது. இந்தியாவின் முதல் நோயாளிகள் 1955இல் வேலூர்ப் பகுதியில் அறியப்பட்டனர்.

இலங்கையின் முதற் பெருந்தொற்று 1985–86இல் அநுராதபுரப் பகுதியில் எழுந்தது. மகாவலி நீர்ப்பாசனத் திட்டத்தால் வயல்கள் விரிந்திருந்தன. விவசாயிகளின் வருமானத்துக்கென அங்கே பன்றி வளர்ப்பும் ஊக்குவிக்கப்பட்டிருந்தது. நுளம்பும் வைரசும் பெருக இரண்டும் சேர்ந்து வழிவிட்டன. 1987–88இல் நோய் மீண்டும் பரவியது. 1988இல் ஆபத்து மிகுந்த மாவட்டங்களில் தடுப்பூசி தொடங்கியது. 2009இல் வீரியம் குறைக்கப்பட்ட உயிர்த் தடுப்பூசி வந்தது. இன்று நோய் அரிதாகியிருப்பதில் தடுப்பூசித் திட்டத்தின் பங்கு பெரிது.

மன்னார்க் கரை
மன்னார் மாவட்டத்தின் பெருநிலப்பரப்பில் கட்டுக்கரைக்குளத்து நீரால் விளையும் வயல்கள் கியூலெக்சுக்கு ஏற்றவை. மன்னார்த் தீவின் தாராபுரம் போன்ற குடியிருப்புகளில் கவனிக்க வேண்டியது ஈடிஸ் நுளம்பு. அது சேமித்த நீரிலும் வீட்டைச் சுற்றித் தேங்கும் மழைநீரிலும் பெருகும். 1990 ஒக்டோபரில் தீவின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபின், அவர்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்து முகாம்களில் வாழ்ந்தனர். 2006இல் ஈடிஸ் பரப்பும் சிக்குன்குனியா இலங்கையில் மீண்டெழுந்தபோது மன்னார், புத்தளம் ஆகிய இரு மாவட்டங்களும் பாதிக்கப்பட்டன. விட்டுவந்த மண்ணிலும் தங்கிய இடத்திலும் ஒரே நோய்.

சிக்குன்குனியா மூட்டுவலியால் அறியப்பட்டது. எனினும் 2005–06இல் ரீயூனியன் தீவில் அது மூளையழற்சியையும் குயிலன்–பாரே நரம்புத் தளர்ச்சியையும் உண்டாக்கியது. பேற்றின்போது தாயிடமிருந்து தொற்றுப் பெற்ற குழந்தைகள் பலருக்கு மூளை வளர்ச்சி பின்தங்கியது. டெங்குவும் அரிதாக நரம்பு மண்டலத்தைத் தாக்கும்.

தடுப்பும் மறுவாழ்வும்
யப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் சிக்குன்குனியாவுக்கும் வைரசை அழிக்கும் தனி மருந்து இல்லை. காய்ச்சலோடு வலிப்பு, மயக்கம், திடீர்த் தளர்ச்சி கண்டால் உடனே வைத்தியசாலை செல்ல வேண்டும். யப்பானிய மூளைக்காய்ச்சலைத் தடுப்பூசி தடுக்கிறது. ஈடிஸ் பரப்பும் நோய்களுக்கு நீர்த்தொட்டியை மூடிவைப்பதே முதற் காப்பு. வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்புவதோடு நோய் முடிந்ததாகக் கொள்ளலாகாது. இயன்முறை மருத்துவம், பேச்சுப் பயிற்சி, பாடசாலையில் தனிக் கவனம் ஆகியவை நோயுற்ற குழந்தைக்கு ஆண்டுகள் நீளும் உரிமைகள்.