ஆளில்லா வீட்டில் ஒரு மேஜை

1930ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று, போட்ஸ்டாம் நகரை அடுத்த காபுட் என்னும் ஏரிக்கரைச் சிற்றூரில், ஐன்ஸ்டைனின் மரவீட்டுக்கு இரவீந்திரநாத் தாகூர் வந்திருந்தார். விருந்தினருக்கு வயது 69, வீட்டுக்காரருக்கு 51. நோபல் பரிசு பெற்ற இருவர் நலம் விசாரித்துக்கொண்டு, புகைப்படத்துக்கு நின்று, பிரிந்திருக்கலாம். பெரிய மனிதர்களின் சந்திப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் முடிகின்றன. இவர்களோ மனிதன் இல்லாவிட்டால் உண்மை என்று ஒன்று உண்டா என்று வாதிட்டார்கள்.

பேச்சைக் குறிப்பெடுத்தவர் ஐன்ஸ்டைனின் வளர்ப்பு மகளைப் பின்னர் மணந்த திமித்ரி மரியனோஃப். ஆகஸ்டில் அது நியூயார்க் டைம்ஸில் வெளியானது. ஆக்ஸ்ஃபோர்டில் தாகூர் நிகழ்த்திய ஹிபர்ட் சொற்பொழிவுகள் 1931இல் 'மனிதனின் சமயம்' என்ற பொருள் தரும் தலைப்பில் நூலானபோது, பின்னிணைப்பாகவும் இடம்பெற்றது.

அழகு மனிதனைச் சார்ந்தது என்பதை ஐன்ஸ்டைன் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார். உண்மையும் அப்படியே என்று தாகூர் சொன்னபோதுதான் தடை எழுகிறது. இந்த வீட்டில் ஒருவரும் இல்லாதபோதும் அந்த மேஜை அங்கேயே இருக்கும் அல்லவா என்று கேட்கிறார் ஐன்ஸ்டைன். இருக்கும், ஆனால் தனிமனித மனத்துக்கு வெளியேதான் இருக்கும், அனைத்து மனித மனத்துக்கும் வெளியே அல்ல என்பது தாகூரின் விடை. காகிதத்தைத் தின்னும் பூச்சிக்கு இலக்கியம் என்று ஒன்று இல்லை. ஆனால் மனித மனத்துக்கோ காகிதத்தைவிட இலக்கியமே மெய்யானது என்று அவர் தரும் உவமையை நாம் எளிதில் மறக்க முடியாது. கவிஞரின் உவமைதான், தருக்கத்தில் ஐன்ஸ்டைன் அதற்கு மசியவில்லை. ஆனால் தம் கருத்தை நிறுவ முடியாது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். மனிதனைச் சாராத உண்மை உண்டு என்பது தமக்குச் சமயம் போன்றது என்றும், அப்படியானால் தாகூரைவிடத் தாமே அதிக சமயப்பற்று உடையவர் என்றும் சொல்கிறார். எளிய நகைச்சுவையாக இதைக் கடந்துவிடக் கூடாது என்று நமக்குத் தோன்றுகிறது.

ஏனெனில் அந்த ஆண்டுகளில் அவருடைய நம்பிக்கை அவருடைய துறைக்குள்ளேயே ஆட்டம் கண்டிருந்தது. 1927இல் ஹைசன்பர்க் நிச்சயமின்மைக் கோட்பாட்டை வெளியிட்டார். அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸில் நடந்த சால்வே மாநாட்டில் போரும் ஐன்ஸ்டைனும் மோதினர். அளந்து பார்க்கும் முன் எலக்ட்ரான் இன்ன இடத்தில் இருந்தது என்று பேசுவதற்கே பொருளில்லை என்பது போர் தரப்பின் வாதம். காபுட்டில் மேஜையைச் சுட்டியவர் மனத்தில் கவிஞர் மட்டும் இருந்திருப்பார் என்று நாம் நம்பவில்லை. (1929இல் கல்கத்தா வந்த ஹைசன்பர்க் தாகூரைச் சந்தித்தது உண்மை. அச்சந்திப்பில்தான் நிச்சயமின்மைக் கோட்பாடு பிறந்தது என்று நம்மவர் பெருமையோடு சொல்வதுண்டு. இரண்டாண்டு முன்பே அச்சேறிய கட்டுரை அப்படிப் பிறக்க வழியில்லை.)

பிற்காலம் தாகூர் பக்கம் தீர்ப்பளித்துவிட்டது என்பது இன்று பரவலாகப் பேசப்படும் கருத்து. பிரிகோஜின் போன்ற அறிவியலாளரே அறிவியலின் போக்கு தாகூர் சொன்ன திசையில் செல்கிறது என்று எழுதியிருக்கிறார். 1935இல் ஐன்ஸ்டைன் மற்ற இருவருடன் சேர்ந்து எழுப்பிய ஐயத்தை, 1964இல் ஜான் பெல் சோதித்துப் பார்க்கத்தக்க கணிதமாக மாற்றினார். கிளாசரும் ஆஸ்பேயும் ஸைலிங்கரும் செய்த சோதனைகளுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒளித்துகள்கள் தம் விடைகளை முன்கூட்டியே சுமந்து செல்கின்றன, தொலைவிலுள்ள ஒன்றின் அளவீடு மற்றதை உடனே பாதிக்காது என்ற இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொள்ள முடியாது என்பது உறுதியாயிற்று. ஐன்ஸ்டைன் விரும்பிய உலகம் அது அல்ல.

ஆனால் அது தாகூர் விரும்பிய உலகமா? இங்கேதான் நாம் சற்று நின்று நிதானிக்க வேண்டும். 'கவனிப்பு' என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. அதைக் கேட்டவுடன் ஒரு கண்ணும் அதன் பின்னால் ஒரு மனமும் நமக்குத் தோன்றிவிடுகின்றன. ஒரு காலத்தில் விக்னர் உணர்வுக்கு அத்தகைய இடம் தந்து எழுதினார். பின்னர் அவரே அதைக் கைவிட்டார். வியன்னாவில் 2004இல் வெளியான ஒரு சோதனையில், 70 கரிம அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளைச் சூடேற்றி அனுப்பினார்கள். சூடு ஏற ஏற அவற்றின் அலைக்கோலம் மங்கி மறைந்தது. அவை தாமே உமிழ்ந்த வெப்ப ஒளி, அவை எவ்வழி சென்றன என்ற செய்தியைச் சுற்றுப்புறத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அந்த ஒளியை எவரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அறையின் சுவரே போதுமான சாட்சி. காபுட் மேஜையும் அப்படித்தான்: காற்றும் வெளிச்சமும் ஓயாமல் அதன் மேல் மோதுவதால், ஆளில்லாத வீட்டிலும் அது ஓரிடத்தில் இருக்கிறது.

ஆகவே க்வாண்டம் இயற்பியல் மனிதனைப் பிரபஞ்சத்தின் நடுவில் மீண்டும் அமர்த்திவிட்டது என்று ஆறுதல் கொள்வோருக்கு நம்மால் துணை போக இயலவில்லை. தாகூரின் வாதத்துக்கு அந்த ஆறுதல் தேவைப்படவும் இல்லை. மேஜை நம் பார்வையால் உண்டாகிறது என்று அவர் சொல்லவில்லை. அதை 'மேஜை' என்று அறிவதற்கு நம்மைப் போன்ற ஒரு மனம் வேண்டும் என்றே சொன்னார். ஆய்வுக்கூடம் இதை மறுக்கவும் இல்லை, நிறுவவும் இல்லை.

ஆகஸ்டில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். அணுவுக்குள் தற்செயலுக்கு இடமுண்டா என்று தொடங்கிய பேச்சு இசைக்குத் திரும்பியது. இராகத்தின் வரம்புக்குள் பாடகனுக்கு உள்ள சுதந்திரத்தைத் தாகூர் விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த ஐன்ஸ்டைன், கலை நம்மில் எழுப்பும் உணர்வைப் பகுத்துச் சொல்வது கடினம் என்றார். எதிரே மேஜை மேல் ஒரு சிவப்பு மலர் இருந்தது. தாம் காணும் அந்த மலரும் தாகூர் காணும் மலரும் ஒன்றாகவே இருக்கும் என்று உறுதியில்லை என்றார், ஆளில்லாத வீட்டு மேஜைக்காக ஒரு மாதம் முன்பு வாதாடிய அதே மனிதர்.