அனலின் வாயிற்கதவு

கரிசற் பூமியின் நடுவே தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் இருப்புப்பாதை பிரியும் சந்திப்பு மணியாச்சி. 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்ட நிகழ்ச்சியால் அது வரலாற்றில் நிலைத்துவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து நைனிக்கு விமானம் ஒன்று அஞ்சல் சுமந்து பறந்தது. மணியாச்சியில் நீராவி வண்டிகள் ஓடிய அந்நாளில், வானூர்தியின் பெரும்பகை காற்றன்று. எஞ்சினுக்குள் இருந்த ஒரு சிறு கதவே ஆகும்.

கொல்லன் துருத்தியில் தோல்நாக்கு ஒன்று காற்றை உள்ளே விட்டு வெளியே விடாமல் காக்கும். எஞ்சினிலோ எரிந்த புகையை வெளியே விடும் வால்வு, செந்தணலாய்ச் சிவக்கும் அனலிலேயே நிற்க வேண்டும். நான்குவீச்சு எஞ்சினில் அது இரு சுழற்சிக்கு ஒருமுறை திறக்கும். இருவீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சுழற்சியிலும் திறக்கும். இருக்கையில் படிந்து வெப்பத்தை இறக்கிவைக்க அதற்கு ஓய்வு குறைவு. ஆகவே விளிம்பு கருகும், தண்டு இறுகும், கடலின்மேல் பறப்பவனுக்கு அதுவே முடிவாகும்.

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சாமுவேல் ஹெரான் 1920களில் இதற்கு வழி கண்டார். வால்வின் தண்டைக் குடைந்து, ஒரு பகுதியைச் சோடியத்தால் நிரப்பினார். சுமார் 98 பாகையில் உருகும் அவ்வுலோகம், வால்வு அசையும்தோறும் மேலும் கீழும் குலுங்கி, தலையின் வெப்பத்தைத் தண்டுக்குக் கொண்டுசென்றது. 1927இல் லிண்ட்பெர்க் முப்பத்து மூன்றரை மணி நேரம் அட்லாண்டிக்கைக் கடந்த எஞ்சினின் உருளை அமைப்பிலும் ஹெரானின் கை உண்டு.

ஜெர்மானியர் வேறு வழி தேடினர். 1930களின் யுங்கர்ஸ் ஜூமோ 205 என்னும் இருவீச்சு டீசல் எஞ்சினில் வால்வே இல்லை. ஒவ்வோர் உருளையிலும் எதிரெதிராக இயங்கிய இரு பிஸ்டன்களே துளைகளைத் திறந்து மூடின. வால்வு ஒழிந்தது, வெப்பம் ஒழியவில்லை. புகைத்துளையின் பக்கமிருந்த பிஸ்டன் அத்துன்பத்தை ஏற்றது. பின்னாளில் இங்கிலாந்தின் வில்க்‌ஷ் இருவீச்சு விமான எஞ்சின் மீண்டும் வால்வையே நாடியது.

1940களில் விட்டிலின் தாரை எஞ்சினுக்காக ‘நிமோனிக்’ என்னும் நிக்கல் கலப்புலோகங்கள் பிறந்தன. வானுக்கெனப் பிறந்த அவ்வுலோக இனம் கடலுக்கு வந்தது. இன்று பெருங்கப்பல்களின் இருவீச்சு எஞ்சின்களில் வெளியேற்று வால்வுகள் பல நிமோனிக்கால் ஆனவை. தண்டில் பொருத்திய சிறு இறகுகளைப் புகையே தள்ள, வால்வு மெல்லச் சுழல்கிறது. ஓரிடமே கருகாமல் வெப்பம் சுற்றிலும் பகிரப்படுகிறது. இருக்கையில் கரி தங்குவதும் குறைகிறது. அழிக்க வந்த புகையே காவலுக்கும் பயன்படுகிறது.

1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்ட தூத்துக்குடியில், நீராவிக் கப்பல்களின் இடத்தை டீசல் கப்பல்கள் பிடித்து நெடுங்காலமாயிற்று. மணியாச்சியில் கிழக்கே பிரியும் பாதை அத்துறைமுக நகருக்கே செல்கிறது. அங்கு நங்கூரமிடும் கப்பலின் எஞ்சினுள், விமானிகளின் உயிரை விலையாகக் கேட்ட அக்கதவு இன்று நிதானமாகத் திறந்து மூடுகிறது.