ஔவையா, அவ்வையா?

தருமபுரி என்றதும் அதன் பழம்பெயராகிய தகடூரும், தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியும், அவனிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையாரும் நம் நினைவில் தோன்றுவர். அத் தருமபுரியில் சிறுவனாகப் பயின்ற நாளில், நான் அப் பெருமாட்டியின் பெயரை ‘அவ்வையார்’ என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தார். செவியிற் கேட்டதைத்தானே எழுதினேன், பிழை யாது என்னும் வினா நெடுநாள் என்னை விட்டு அகலவில்லை.

அகரமும் இகரமும் கூடி ஐகாரம் ஆகும், அகரமும் உகரமும் கூடி ஔகாரம் ஆகும் என்பது தொல்காப்பியர் கருத்து. அகரத்தின் பின் யகர ஒற்று வரினும் ஐகாரம் போன்றே ஒலிக்கும் என்றும் அவர் கூறினார். ஆனால், வகர ஒற்றுக்கு அவ்வாறு விதி செய்திலர். அதனைச் செய்தவர், பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர். அகரத்தோடு உகரம் சேரினும் வகரம் சேரினும் ஔகாரத்தை ஒக்கும் என்றார் அவர். என் ‘அவ்வை’க்கும் இலக்கணச் சான்று இருந்தது!

இரண்டாம் கூறு உயிரா, மெய்யா? மேனாட்டு ஒலியியலாரையும் இவ்வினா விடவில்லை. ‘ஐ’ என்று சொல்லிப் பாருங்கள். நா தாழ்ந்த நிலையில் தொடங்கி, இகரத்தை நோக்கி வழுக்கி எழுகின்றது. அதனை முற்றும் எட்டவேண்டும் என்பதில்லை. ‘ஔ’ என்னும்போது உகரத்தை நோக்கி இதழ் குவிகின்றது. தொடங்கும் இடமும் செல்லும் திசையுமே இவ்வொலிகளின் இலக்கணம். 1886-இல் பாரிசில் தோன்றிய அனைத்துலக ஒலியியற் கழகத்தின் நெடுங்கணக்கைக் கொண்டு இதனை எழுதுவோருள் ஒரு சாரார், அகரக் குறியை அடுத்து இகரக் குறியை இட்டு, அது தனி அசை ஆகாது என்பதற்கு அடியில் வில் போன்ற சிறு வளைவு இடுவர். மற்றொரு சாரார் யகர மெய்க்குரிய குறியையே எழுதுவர். தொல்காப்பியர் காட்டிய இரு வழிகளும் இவையே அல்லவா?

1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்கள் மாறின. ஐகார ஔகாரங்களை நீக்கி ‘அய்’, ‘அவ்’ என எழுதலாம் என்ற கருத்து மட்டும் ஏற்கப்படவில்லை. ஆகவே ஔகாரம் நிலைத்தது. ‘அவ்வை’ என்பாரும் குறைந்திலர். இன்றும் நூலகத்தில் அம் மூதாட்டியைத் தேடுவோர் அகர வரிசையிலும் ஔகார வரிசையிலும் பார்த்தல் நன்று.

ஆசிரியப் பெருமக்களை ஒன்று வேண்டுகின்றேன். சிறுவன் ஒருவன் ‘அவ்வை’ என எழுதிவரின், சிவப்பு மையைத் தொடுமுன் நன்னூலை ஒருகால் புரட்டிப் பாருங்கள்.