எஸ்தாக்கியாரும் ஐந்து வேட்டைநாய்களும்

பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போகிற நம்மவர்கள் எகிப்து மம்மிகளையும் அமராவதிச் சிற்பங்களையும் பார்த்ததோடு திரும்பிவிடுவார்கள். மாடியில் 90ஆம் அறையை ஒட்டி, அச்சோவியங்களுக்கும் கோட்டோவியங்களுக்கும் என்றே ஒரு பார்வையறை உண்டு. முன்பதிவு செய்தால் போதும், காசு இல்லை. பேனாவை எடுக்கக்கூடாது, பென்சில் மட்டும். கேட்ட படத்தை அட்டைச் சட்டத்தோடு கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். நான் கேட்டது, ஆல்பிரெக்ட் டியூரர் 1501 அளவில் செப்புத்தகட்டில் செதுக்கிய புனித எஸ்தாக்கியார்.

குருநகரில் பிறந்தவனுக்கு எஸ்தாக்கியாரை யாரும் அறிமுகம் செய்துவைக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கரையூர்களில் விடிய விடிய ஆடின கூத்துகளில் அவர் கதையும் ஒன்று. ஆனால் டியூரரின் தாளைப் பார்க்கப் போனதற்குக் காரணம் பக்தி அல்ல, தொழில். வேலை செய்த காலமெல்லாம் லண்டன் அச்சகங்களில் ஹைடெல்பெர்க் மெஷினோடு கழித்தவன் நான். மை தாளில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் என் கண் முதலில் தேடும்.

எழுத்தச்சில் மை மேட்டில் நிற்கும். ஆஃப்செட்டில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. செப்புத்தகட்டிலோ மை பள்ளத்தில் நிற்கிறது. கூரான உளியைத் தள்ளிச் செம்பில் சால் பிடிப்பார்கள். கோடு வளைய வேண்டுமானால் கை வளைவதில்லை. தோல் மெத்தையின்மேல் கிடக்கும் தகட்டைத்தான் திருப்புவார்கள். பிறகு மையைப் பூசி, மேலே உள்ளதைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே நெருக்கினால், தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை அள்ளிக்கொண்டு வரும். ஆகவே கோடு தாளின்மேல் சற்றே புடைத்து நிற்கும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பார்த்தால் அது தெரிகிறது. செம்பு மெதுவான உலோகம். அழுத்த அழுத்தத் தேயும், முதலில் சாவது மெல்லிய கோடுகள். முந்தி எடுத்த பிரதிக்கு விலை கூடுவது அதனால்தான்.

டியூரரின் செப்புத்தகட்டு வேலைகளில் இதுதான் பெரியது. உயரம் ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர், அகலம் 26. நடுவில் நிற்பவர் புனிதர் அல்ல, குதிரை. அச்சுப் பிசகாத பக்கத் தோற்றம், சேணம், கடிவாளம், பளபளக்கும் விலா. புனிதர் முழந்தாளிட்டுக் கைகளை விரித்திருக்கிறார். கொம்புகளுக்கிடையே பாடுபட்ட சுரூபத்தைத் தாங்கிய மான் சற்றுத் தள்ளி, மரங்களோடு மரமாக, சின்னதாக நிற்கிறது. பின்னால் குன்றின்மேல் ஒரு கோட்டை, அதன் கோபுரத்தைச் சுற்றிப் பறவைக் கூட்டம். என் நகத்தளவு இடத்தில் அத்தனை பறவைகள். முன்னால் ஐந்து வேட்டைநாய்கள். ஒன்றுகூட மானைக் கவனிப்பதாகத் தெரியவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து இத்தாலியில் ஓவியர் வரலாறு எழுதிய வசாரி, இந்த நாய்களைத்தான் வாயாரப் புகழ்ந்தார். மிகையில்லை. நாயின் வயிற்றோரத்தில் கோடுகள் மெலிந்து மெலிந்து வெறும் தாளாகிவிடுகின்றன. அந்த வெள்ளை, மை படாத காகிதம் மட்டுமே. அதைத் தோல் என்று நம்பவைத்துவிடுகிறார் மனிதர்.

டியூரர் நியூரம்பெர்க் பொற்கொல்லர் ஒருவரின் மகன். உளி பிடிக்கப் பழகியது தகப்பனின் பட்டறையில். வியாபாரமும் தெரிந்தவர். மனைவி ஆக்னஸ் சந்தைகளில் படங்களை விற்றார். 1520இல் டியூரர் நெதர்லாந்துக்குப் போனபோது, யாருக்கு எதைக் கொடுத்தேன், எதற்கு விற்றேன் என்று கணக்கு எழுதிக்கொண்டே போனார். அந்தக் கணக்கில் எஸ்தாக்கியாரும் வருகிறார். ஒரு தகடு, நூற்றுக்கணக்கான தாள், சுருட்டிப் பையில் போட்டால் கடல் தாண்டும். இதே டியூரரின் வேறொரு செப்புத்தகட்டுப் படத்திலிருந்து அருளப்பரை 1600இல் பார்த்து வரைந்தான் முகலாய அரசவையில் வளர்ந்த பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன். அபுல் ஹசன், பின்னாளில் ஜஹாங்கீரின் தலைசிறந்த ஓவியன். அந்தப் படம் இப்போது ஒக்ஸ்போர்டில் இருக்கிறது.

கதையைச் சொல்லிவிடுகிறேன். டிராஜன் பேரரசனின் சேனாதிபதி பிளாசிதுஸ். வேட்டையில் துரத்திய மான் திரும்பி நின்று கிறிஸ்துவின் குரலில் பேசுகிறது. குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று எஸ்தாக்கியுஸ் ஆகிறான். விவிலியத்தில் எல்லாம் இழந்து சோதனைப்பட்ட யோபுவைப்போல நீ இன்னொரு யோபு ஆவாய் என்று எச்சரிக்கை வருகிறது. சொத்துப் போகிறது. கப்பல் கூலிக்காக மனைவியைக் கப்பற்காரன் வைத்துக்கொள்கிறான். ஒரு பிள்ளையை அக்கரையில் விட்டுவிட்டு மற்றதை எடுக்க ஆற்றில் திரும்பி வருகையில், ஒன்றை ஓநாயும் ஒன்றைச் சிங்கமும் கவ்விப் போகின்றன. காவற்காரனாகக் கூலி வேலை, பல வருடம். பிறகு எல்லோரும் ஒன்றுசேர்ந்து, ஹாட்ரியன் காலத்தில் பழுக்கக் காய்ந்த வெண்கல எருதுக்குள் சாகிறார்கள்.

எங்கள் கூத்துக்கு உயிர் அந்த ஆறுதான். நடு ஆற்றில் எந்தக் கரைக்கும் போக முடியாமல் நிற்கிற தகப்பன் பாடும்போது பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். மான் வருவது முதற் சாமத்தில். பாதிப் பேர் அப்போது கடலை வாங்கிக்கொண்டிருப்பார்கள். டியூரர் நேர் எதிர். அவருக்கு ஆறும் வேண்டாம், எருதும் வேண்டாம். ஒன்றும் இழக்காத ஒருவன், நல்ல குதிரை, நல்ல நாய்கள், நல்ல உடுப்போடு நிற்கும் அந்த ஒரு கணம். புல்லும் வேரும் கல்லும் செதுக்கப் புனிதர் ஒரு சாட்டு என்றுகூட எனக்குப் படுகிறது. கூத்து தெரிந்தவன் பார்த்தால்தான், அந்தக் குதிரை நாளைக்கு இவனுக்கு இருக்காது என்று உறைக்கும்.

இந்த மான் எங்கிருந்து வந்தது என்று லண்டனிலேயே ஒருவர் கேட்டிருக்கிறார். செபார்திய யூதர்களின் தலைமை ரப்பியாக இருந்த மோசஸ் காஸ்டர், 1894இல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி இதழில், எஸ்தாக்கியார் கதையை நிக்ரோதமிக ஜாதகத்தோடு ஒப்பிட்டு எழுதினார். சினைமான் ஒன்றுக்குப் பதிலாகத் தன் கழுத்தைக் கொடுக்க வந்த மான்ராசனைக் கண்டு காசி மன்னன் மனம் மாறுகிற கதை அது. புத்தர் வரலாறே ஜோசபாத் என்ற பெயரில் கிறிஸ்தவப் புனிதர் வரலாறாகி, யாழ்ப்பாணத்தில் திருச்செல்வர் காவியமாக வந்து சேர்ந்திருக்கையில், இதை அடியோடு தள்ள முடியாது. ஆனாலும் எனக்கு முழுச் சம்மதமில்லை. பேசுகிற மான் எந்தக் காட்டிலும் பிறக்கலாம். சொத்து, மனைவி, பிள்ளை என்று வரிசையாக இழப்பவனுக்கோ நமக்கு அரிச்சந்திரன் இருக்கிறான். யாழ்ப்பாணத்தில் நடிகமணி வைரமுத்து அரிச்சந்திரனாக நடித்த மயான காண்டத்தில் அழுத சனம் எஸ்தாக்கியாருக்கு அழுததில் என்ன ஆச்சரியம்?

ரோமாபுரி 1969இல் நாட்காட்டியைத் திருத்தியபோது அவருடைய செப்டெம்பர் 20ஆம் திகதித் திருநாளை எடுத்துவிட்டது. வரலாற்று ஆதாரம் போதாதாம். மானை மட்டும் எடுக்க முடியவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டிலேயே அது ஹூபெர்ட் என்ற இன்னொரு புனிதரின் கதைக்குள் தாவிவிட்டது. லண்டனில் நம்மவர்கள் நடத்துகிற சாராயக் கடைகளில், கல்லாவுக்குப் பின்னால் பச்சைப் போத்தலில் நிற்கிற யேகர்மைஸ்டர் மானும், கொம்பிடையே சிலுவையோடு, அதே மான்தான்.

புனிதர் கதைகள் தமிழுக்கு அச்சில் வந்தது முந்தியே. 1586இல் முத்துக்குளித்துறையில் என்ரீக் என்ரீக்கஸ் அடிகள் அடியார் வரலாற்றைத் தமிழில் அச்சிட்டார். பெயர்கள் கப்பலிலும் வந்தன. 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அவருடைய படைக்கே தளபதியான டச்சுக் கம்பனிக்காரர் டிலனாயின் முதற்பெயர் எஸ்தாக்கியுஸ். நட்டத்தின்மேல் நட்டம் பட்டு நொந்திருந்த நட்டாலம் நீலகண்டபிள்ளைக்கு அவர் சொன்னது யோபுவின் கதை. நீலகண்டபிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயமானார், 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022இல் புனிதரானார். பெயருக்கும் யோபுவுக்கும் உள்ள பொருத்தம் தற்செயலாகவே இருக்கட்டும். டிலனாய் 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. தேவசகாயம்பிள்ளையோ யாழ்ப்பாணத்தில் கூத்தானார். எஸ்தாக்கியாரைப் பழக்கிய அண்ணாவிமார் அவரையும் பழக்கினார்கள்.