பாரம் இறங்கும் இடம்

ஒரு பிராவைப் பிரித்துப் பார்த்தால் இருபது, முப்பது துண்டுகள் வரும். கப் இரண்டு, தோள்பட்டி இரண்டு, பட்டியை ஏற்றி இறக்கும் வளையங்கள், கம்பி, கம்பி நுழைகிற குழாய்த்துணி, விலாவைச் சுற்றும் இலாஸ்டிக், முதுகுக் கொக்கி. உள்ளங்கைக்குள் சுருட்டி வைக்கக்கூடிய உடுப்புக்கு இத்தனை துண்டுகள் எதற்கு? மார்பின் பாரத்தை வேறோர் இடத்துக்கு மாற்றத்தான். எந்த இடத்துக்கு என்பதற்கு 1889இல் பாரிஸில் எர்மினி கடோல் என்ற பெண் புது விடை சொன்னார். அந்த விடையை இன்று தைத்து உலகுக்கு அனுப்புகிற நாடுகளில் இலங்கைக்கு நல்ல பெயர். தைக்கிறவர்களில் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைத் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் உண்டு.

கடோல் கொர்செட் தைப்பவர். பெண்ணின் இடுப்பை உருக்குப் பட்டைகளாலும் திமிங்கில எலும்பாலும் இறுக்கி, மார்பைக் கீழிருந்து மேலே தள்ளிவிடும் கவசம்தான் கொர்செட். பாரம் முழுவதும் இடுப்பில் இறங்கும், மூச்சு முட்டும். 1871இல் பாரிஸ் தொழிலாளர்கள் நகரத்தைத் தங்கள் கையில் எடுத்து நடத்திய பாரிஸ் கம்யூனில் கடோலும் பங்கெடுத்தார். கம்யூனின் வீராங்கனை லூயிஸ் மிஷேலுக்கு அவர் தோழி. இரண்டே மாதங்களில் கம்யூன் இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. மிஷேல் பசிபிக் தீவொன்றுக்கு நாடு கடத்தப்பட்டார். பிற்பாடு கடோலும் கடல் கடந்து, 1887இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் உள்ளாடைக் கடை போட்டார்.

கொர்செட்டை அவர் குறுக்கே இரண்டாக வெட்டினார். கீழ்ப்பாதி இடுப்போடு நின்றது. மேல்பாதிக்குப் பட்டி வைத்துத் தோளில் தொங்கவிட்டார். கீழிருந்து தள்ளிய பாரத்தை இப்போது மேலிருந்து தோள் தாங்கியது. 1889இல் பாரிஸில் ஈஃபில் கோபுரம் திறந்த அதே உலகக் கண்காட்சியில் இதைக் காட்சிக்கு வைத்தார். 1905 அளவில் மேல்பாதி தனியாகவே விற்பனைக்கு வந்தது. அதுதான் பிரா. முதல் உலகப்போரில் உருக்கு முழுவதும் ஆயுதத்துக்குத் தேவைப்பட்டது. கொர்செட்டின் காலம் முடிந்தது. பாரிஸில் கடோல் நிறுவனம் அவருடைய வழிவந்த பெண்களின் பொறுப்பில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது.

துணியோடு ரப்பர் நூலைச் சேர்த்து உள்ளாடை தைத்த முன்னோடிகளில் ஒருவர் கடோல். இந்த உடுப்பின் கதையில் இலங்கை நுழைவதும் ரப்பர் வழியாகத்தான். பிரேசிலிலிருந்து எடுத்துவரப்பட்ட விதைகள் லண்டன் கியூ பூங்காவில் முளைத்து, 1876இல் நாற்றுகளாகக் கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்தன. பிறகு களுத்துறை, கேகாலை மலைச்சரிவுகளில் ரப்பர் பரவியது. விடியுமுன் எழுந்து பால்வெட்டப் போனவர்களில் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள் ஏராளம். உலகச் சந்தைக்குப் போன ரப்பரில் அவர்கள் வெட்டிய பாலும் கலந்திருந்தது.

மேலே, குளிர் பிரதேசத்தில் தேயிலை. கடோல் பாரிஸில் காட்சி வைத்த மறு வருடம், 1890இல், தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். கொழுந்து பறிக்கிற பெண்ணின் உடம்பிலும் ஒரு பட்டி உண்டு. முதுகில் கூடை, அதன் கயிறு தலைக்கு மேலாக வந்து உச்சியை அழுத்தும். கூடை நிறைய நிறையக் கழுத்து முன்னால் வளையும். மழையில் நனைந்த கொழுந்து இன்னும் கனக்கும். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர். அதாவது நாள் முழுக்க நின்றாலும் பாதிச் சம்பளம். இந்தப் பாரத்தை உச்சந்தலையிலிருந்து இறக்கி வைக்க எந்த உலகக் கண்காட்சியிலும் யாரும் புதுக் கூடை காட்டவில்லை.

பிராவும் மலையகமும் நேராகச் சந்தித்தது வெகு பின்னால். 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் நாட்டுக்கு நாடு ஆடை ஒதுக்கீடு வைத்திருந்த காலம் அது. ஒதுக்கீடு தீர்ந்த நாடுகளின் முதலாளிகள் இலங்கையைத் தேடி வந்தார்கள். எண்பதுகள் முடிவதற்குள் ஏற்றுமதி வருமானத்தில் ஆடை தேயிலையை முந்தியது. 1987இல் அமலியன் சகோதரர்கள் தொடங்கிய மாஸ் நிறுவனம், சட்டையில் எல்லோரோடும் மல்லுக்கட்டாமல் தைக்கக் கடினமான உள்ளாடையில் கையை வைத்தது. விக்டோரியா’ஸ் சீக்ரெட் போன்ற பெரிய பெயர்கள் இங்கிருந்து வாங்கின. இலாஸ்டிக் நெய்யும் ஆலை பியகமவிலேயே வந்தது.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தக் கதவு உடனே திறக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவளது தாத்தா பாட்டியை நாடற்றவர்களாக்கியது. அதை முழுதாகச் சரிசெய்யும் சட்டம் 2003இல்தான் வந்தது. போர்க்காலத்தில் தமிழ்ப் பெயரோடு கொழும்புப் பக்கம் அறை எடுத்தால் பொலிஸ் பதிவும் சோதனையும் தொடரும். 1992இல் ஜனாதிபதி பிரேமதாச கிராமங்களில் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகள் என்ற திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு வேலை ஊரை நோக்கி நகர்ந்தது. மலையகச் சிறுநகரங்களை ஒட்டியும் தையல் ஆலைகள் எழுந்தன. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திய பிள்ளைகள், “மலைக்குப் போக மாட்டேன், கார்மென்ட்டுக்குப் போறேன்” என்றார்கள். அட்டைக்கடி இல்லை, கூடை இல்லை, சப்பாத்துப் போட்டுப் போகலாம், மாதச் சம்பளம். தாய்மாருக்கும் அது சரியாகவே பட்டது.

ஆலைக்குள் நடப்பதற்கு ஒரு சின்ன உதாரணம். ஊசி முறிந்தால் அந்தப் பெண் உடனே மெஷினை நிறுத்திவிட வேண்டும். முறிந்த துண்டுகளை மேசையிலும் தரையிலும் துணி மடிப்பிலும் தேடிப் பொறுக்கி, முழு ஊசியாகச் சேர்கிறதா என்று பார்த்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிய பிறகே புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் பக்கத்தில் குவிந்திருக்கிற உருப்படிகளெல்லாம் உலோகங்காட்டிக்குப் போகும். கடல் கடந்து ஒரு பெண்ணின் மார்பில் ஊசிமுனை குத்திவிடக் கூடாதாம். நியாயமான அக்கறை. ஆனால் தேடுகிற அந்த நிமிடங்களில் டார்கெட் ஓடிக்கொண்டே இருக்கும். தோட்டத்தில் கிலோ, இங்கே மணித்தியாலத்துக்கு இத்தனை உருப்படி. அங்கே கங்காணி, இங்கே லைன் சூப்பர்வைசர். பாரம் உச்சியிலிருந்து இறங்கி, குனிந்த முதுகிலும் கண்ணிலும் உட்கார்ந்துகொண்டது.

பாரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றலாம், ஆனால் அதை யாராவது தாங்கித்தான் ஆக வேண்டும். பாரிஸ் சீமாட்டியின் விலா எலும்பு விடுதலையானது. அந்த விடுதலையைத் தைத்துக் கொடுக்கிறவளின் இடுப்புவலி விலைச்சீட்டில் வராது. லேபிளில் இருப்பது ‘இலங்கையில் தயாரிக்கப்பட்டது’ என்பது மட்டுமே.

கடோலின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் காப்புரிமையையும் கண்காட்சியையும் விரிவாகச் சொல்லிவிட்டு, கம்யூனை ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். அவர் விட்டுப்போனது இரண்டும்தான்: உடுப்பு ஒன்று, உழைக்கிறவர்கள் ஒன்றாய் நின்ற கதை இன்னொன்று. முதலாவது கப்பலேறி மலையகம் வரை வந்தது. இரண்டாவதை மலையகம் யாரிடமும் இரவல் வாங்கவில்லை. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்ட முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் இறந்தார். 2011இல் தனியார் துறை ஓய்வூதிய மசோதாவை எதிர்த்துக் கட்டுநாயக்கத் தொழிலாளர்கள் கிளம்பியபோது ரொஷேன் சானக என்ற இளைஞர் பொலிஸ் சூட்டில் உயிரிழந்தார்; அரசாங்கம் மசோதாவைக் கைவிட்டது. தோட்டத்துத் தாய்க்கும் கார்மென்ட் மகளுக்கும் இந்த இரண்டு பெயர்களும் ஒரே கணக்கில்தான் வர வேண்டும். பாரம் தாங்குகிறவர்கள் சேர்ந்து பேசிய போதெல்லாம் அது கொஞ்சமாவது இறங்கியிருக்கிறது. கொர்செட்டை வெட்டிய கத்தரிக்கோலைவிட அந்தச் சேர்க்கைக்குத்தான் கூர்மை அதிகம்.