எங்க உக்காந்து சாப்பிடுறது?

போன வருடம் சாரல் காலத்தில் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் கேட்டார்: “குற்றாலம் போறோம், ரெண்டு நாள். எங்க சாப்பிடலாம்? நீங்க அந்தப் பக்கம்தானே?”

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம் என்று சொல்லிக்கொள்ள பெங்களூரில் கிடைக்கிற வாய்ப்புகள் குறைவு. சுறுசுறுப்பாக ஒரு பட்டியல் போட்டேன். கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை, சங்கரன்கோவிலில் சுல்தான் பிரியாணி. தென்காசி தாண்டி பிரானூர் பார்டரில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும். திரும்பும்போது திருவில்லிபுத்தூரில் பால்கோவா. எந்த நேரத்தில் போனால் கூட்டம் குறைவு, எங்கே வண்டி நிறுத்தலாம் என்பதுவரை எழுதினேன். பதினைந்து பேர் கட்டைவிரல் போட்டார்கள்.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போயிருந்தபோது தாத்தாவிடம் பெருமையாக இதைச் சொன்னேன். எண்பத்தைந்தைத் தாண்டியவர். காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் சுத்தம். பேச்சுவாக்கில் கேட்டேன்.

“நீங்க சின்னப் பையனா தபசுக்குப் போவீங்கல்ல தாத்தா, அப்போ எங்க சாப்பிடுவீங்க?”

“சோத்தக் கட்டிக்கிட்டுத்தான போவோம்.”

“கடையில சாப்பிட மாட்டீங்களா?”

“கடையில எங்கய்யா உக்காந்து சாப்பிடுறது?”

துட்டு இல்லை என்று சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் சொன்னது அது இல்லை. என் பட்டியலில் ‘எங்கே’ என்ற சொல்லுக்கு ருசி, விலை, தூரம் மட்டும்தான் பொருள். அவருடைய ‘எங்க’ வேறு. அதைப் புரிந்துகொள்ளத்தான் பிறகு கொஞ்சம் படித்தேன். படித்ததையும் கேட்டதையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

நெல்லுச்சோறும் வண்டித்தடமும்

சங்கரன்கோவில் கடலோர ஊரும் இல்லை, மலையோர ஊரும் இல்லை. ஆனாலும் ஆடி மாதம் உத்திராட நட்சத்திரத்தன்று ஊர் கொள்ளாத கூட்டம் வரும். ஆடித்தபசு. சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சண்டை போட்டார்கள். இருவரையும் ஒரே உருவில் காட்டும்படி அம்பாள் தவமிருந்தாள். சாயங்காலம் சங்கரநாராயணராகவும் இரவில் சங்கரலிங்கராகவும் சுவாமி காட்சி தருகிறார். கரிசல்காட்டுச் சம்சாரிகள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தி, வத்தல், தானியம் ஆகியவற்றைச் சூறைவிட்டு வேண்டிக்கொள்கிறார்கள். புற்றுமண்ணைப் பிரசாதமாக எடுத்துப் போகிறார்கள்.

தாத்தாவின் கிராமத்திலிருந்து மாட்டுவண்டி ராத்திரியே கிளம்பிவிடும். மற்ற நாளில் கம்பு, சோளம். தபசுக்கு மட்டும் நெல்லுச்சோறு. புளி ஊற்றிக் கிண்டி, ஆறவைத்து, ஓலைப்பெட்டியில் கட்டி, பக்கத்தில் ஒரு துவையல். வண்டியை அவிழ்த்துப்போட்ட இடத்திலேயே சாப்பாடு. தண்ணீரும் வீட்டிலிருந்தே வரும். “ஊர்க் கெணத்துல எறைக்க முடியாதுல்லா” என்றார், ஏதோ வானிலைச் செய்தி சொல்வதுபோல.

“கோயிலுக்குள்ள விட்டாங்களா?”

“எங்கய்யா காலத்துல இல்ல. நான் போனப்ப உள்ள போயாச்சு.”

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் ஆலயப் பிரவேசம் நடத்தினார். அதைத் தொடர்ந்து ஒரு சட்டம் வந்தது. 1947இல் மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. தாத்தா பத்து வயதில் தபசு பார்க்கப் போனது அதற்குப் பிறகு. பாதி சிவன், பாதி திருமாலாக நிற்கிற சாமியைப் பக்கத்தில் போய்ப் பார்க்க முடிந்தது. தேரடித் தெருவில் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தோசை தின்ன முடியவில்லை. கோயில் கதவு திறந்த பிறகும் கடைக் கதவு திறக்கவில்லை.

சத்திரத்திலிருந்து கிளப் கடைக்கு

வெளியே காசு கொடுத்துச் சாப்பிடுவது நம் ஊர்களில் அவ்வளவு பழைய பழக்கம் இல்லை. பயணிக்குச் சத்திரம் இருந்தது. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததை இன்றும் தென்மாவட்டங்களில் பெருமையாகச் சொல்வார்கள். சத்திரம் என்றால் எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்தார்கள் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். சமைத்த சோறு சிலருக்கு, படியரிசியும் பருப்பும் சிலருக்கு என்று பிரிப்பதே பரவலான முறை. சிலருக்கு இரண்டும் இல்லை. போதாக்குறைக்குச் சாதிக்கொரு சத்திரமும் எழுந்தது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரயிலும் கோர்ட்டும் பள்ளிக்கூடமும் மனிதர்களை வீட்டைவிட்டு வெளியே இழுத்தன. அப்போதுதான் காபி கிளப் வருகிறது. ‘கிளப் கடை’ என்று இன்றும் சில பெரியவர்கள் ஓட்டலைச் சொல்வார்கள். காப்பி எப்படித் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக ஆனது, காப்பிக் கடைகளில் சாதி எப்படி உட்கார்ந்திருந்தது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். சமைப்பவர் பிராமணர் என்பது அந்தக் கடைகளுக்கு விளம்பரம். அவர் கையால் சமைத்ததை யாரும் சாப்பிடலாம், தீட்டில்லை. ஆனால் அவர் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பது வேறு விஷயம். உள்ளே ஒரு அறை, வெளியே ஒரு தாழ்வாரம், தெருவில் ஒரு கொட்டாங்குச்சி. ஒரே அடுப்பு, மூன்று வாசல்.

1927இல் விருதுநகர்–தென்காசி ரயில்பாதை திறந்து, சங்கரன்கோவிலுக்கும் ரயில் வந்தது. பெரிய ஜங்ஷன்களில் சாப்பாட்டு அறைகள் இருந்தன. அங்கே ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்று இரண்டு பலகைகள். டிக்கெட் எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே பெட்டியில் இடித்துக்கொண்டு வரலாம். இறங்கி இட்லி தின்னும்போது பிரிந்துவிட வேண்டும். சுயமரியாதை இயக்கம் பல வருடங்கள் எதிர்த்ததற்குப் பிறகு, 1941இல்தான் இந்தப் பிரிவினை நீங்கியது.

சேரன்மாதேவியில் ஒரு பந்தி

இதே வட்டாரத்தில் நடந்த இன்னொரு பந்தி விவகாரம் தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றியது. சங்கரன்கோவிலுக்குத் தெற்கே, தாமிரபரணிக் கரையில் சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் அங்கே நடந்தது. தேசியக் கல்வி, தாய்மொழி, கைத்தொழில் என்று அந்தக் காலத்துக்குப் புதுமையான பள்ளி. காங்கிரஸ் கட்சி நிதி கொடுத்தது. இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியே சாப்பாடு போடப்பட்டது. அவர்களுடைய பெற்றோர் கேட்டுக்கொண்டபடி ஐயர் ஒப்புக்கொண்டிருந்தார். ஐயர் தாம் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்.

1924–25இல் இது பெரும் விவாதமானது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள், காந்திவரை விஷயம் போனது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூன் 3 அன்று பாபநாசம் அருவியில், தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் அனுமதிக்கப்படாததால் பெரியார் காங்கிரஸைவிட்டு வெளியேறினார்.

ஐயரைப் படிக்கும்போது எனக்கு வருத்தம்தான் வருகிறது. கெட்டவர் இல்லை. சின்ன விட்டுக்கொடுப்பு, இரண்டே இரண்டு தட்டு, காலப்போக்கில் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கலாம். மென்பொருளில் நாங்கள் இதைத் தினமும் செய்கிறோம். ‘இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் சரிசெய்வோம்’ என்று ஒரு வரியை விட்டுவைப்போம். அந்த வரிதான் ஒருநாள் மொத்தத்தையும் கவிழ்க்கும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. சேரன்மாதேவியிலும் ரயில் நிலையத்திலும் சண்டை பிராமணருக்கும் மற்றவருக்கும் நடுவில் நடந்தது. நியாயமான சண்டை. ஆனால் என் தாத்தா ‘இதராள்’ பலகைக்குள்ளும் வரவில்லை. கிராமத்துக்குப் பக்கத்துச் சின்ன ஊர்களில் அவரைத் தெருவில் நிறுத்தியவர்களில் பலர், அந்தப் பலகையைக் கண்டு கொதித்தவர்களின் சாதிக்காரர்களே.

ஓட்டலும் அரசியல் சாசனமும்

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். பெரிய பெரிய தத்துவங்களுக்கு நடுவே கடை, உணவகம், ஓட்டல், கிணறு, குளம் என்று சாமானியச் சொற்கள் வருகின்றன. சாதி, மதம் முதலிய காரணங்களால் யாரையும் அங்கே தடுக்கக் கூடாது என்கிறது. ஒரு நாட்டின் தலையாய சட்டத்தில் ஓட்டலுக்கு இடம் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், பிரச்சினை எவ்வளவு கீழே இறங்கி வேர்விட்டிருந்தது என்று தெரிகிறது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி போய், உணவகத்தில் பொதுமக்களுக்கு வைத்திருக்கிற பாத்திரங்களையும் குறிப்பிட்டது. இரட்டைக் குவளை அன்றிலிருந்தே குற்றம்.

ஆனால் பலகைகள் உடனே இறங்கவில்லை. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளீஸ் கபே என்ற ஓட்டலின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லித் திராவிடர் கழகம் மாதக்கணக்கில் மறியல் நடத்தியது. ஏராளமானவர்கள் சிறை போனார்கள்.

பலகை இருந்தால் அதை எதிர்க்கலாம். பலகையே இல்லாத பெஞ்சை எப்படி எதிர்ப்பது? தென்மாவட்டக் கிராமங்களில் பல டீக்கடைகளில் அந்தத் தனி டம்ளர் சட்டம் வந்து பல பத்தாண்டுகள் கழித்தும் இருந்தது. என் அப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில், பக்கத்து ஊர் டீக்கடை ஒன்றில் ஓலைக்கூரை ஓரத்தில் செருகியிருந்த டம்ளரை எடுத்துத் தானே கழுவிக்கொண்டு வந்து நீட்டியிருக்கிறார். அந்தக் கடை இப்போது இல்லை. அப்பா இன்றும் வெளியில் டீ குடிக்க மாட்டார். “ஒத்துக்காது” என்பார். வயிற்றுக்கு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

புரோட்டாக் கல்

இந்தக் கதையில் மைதா நுழைவது 1940களில். சென்னை மாகாணம் பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடித்ததும் அது நின்றது. பஞ்சம், ரேஷன். அரிசி தவிர எதையும் சோறென்று ஒப்புக்கொள்ளாத ஊர்களுக்குக் கோதுமை வந்தது. பிறகு 1956இல் பி.எல். 480 திட்டத்தின்கீழ் அமெரிக்கக் கோதுமைக்கு ஒப்பந்தம். 1965இல் பிரதமர் சாஸ்திரி திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடச் சொன்னபோது, பல ஓட்டல்கள் அந்த நேரத்தில் அடைத்தன. அப்படியொரு தட்டுப்பாட்டுக் காலம். புரோட்டா பரவியதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மைதா கையில் வந்திராவிட்டால் தூத்துக்குடி, விருதுநகர், செங்கோட்டை என்று ஊருக்கொரு புரோட்டா இருந்திருக்காது.

புரோட்டாவின் வேலை முழுவதும் தெருவைப் பார்த்தபடி நடக்கும். மாவைப் பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெயில் ஊறவைத்து, விசிறி, சுருட்டி, கல்லில் போட்டு, வெந்ததும் அடுக்கி இரண்டு கையாலும் அடிப்பது வரை எல்லாம் வாசலிலேயே. ஆசாரமான சமையலறை உள்ளே ஒளிந்திருக்கும், யார் கையால் வெந்தது என்பதே அதன் கௌரவம். புரோட்டாக் கடைக்கு அப்படி ஒளிக்க எதுவும் இல்லை.

பிரானூர் பார்டருக்கும் இதில் இடமுண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. தென்காசியிலிருந்து போனால் அங்கேதான் எல்லை. எல்லை போய்விட்டது, ‘பார்டர்’ மட்டும் ரஹ்மத் கடையின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தாத்தா முதன்முதலில் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டது புரோட்டாதான். அறுபதுகளில், பருத்தி மூட்டை ஏற்றிப் போன வண்டியோடு சங்கரன்கோவில் வந்தபோது. ஒரு பாய் கடை. பெயர் ஞாபகமில்லை, பெயர் இருந்ததா என்றே தெரியவில்லை என்றார். வெளியே நின்றவரை, “நின்னுக்கிட்டே இருந்தா எப்படி, உள்ள வாங்க” என்று சொல்லியிருக்கிறார் கடைக்காரர். எல்லா பாய் கடையும் அப்படித்தான் இருந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. தாத்தாவுக்கு அது ஒரு கடை. ஒரு கடை போதுமாயிருந்தது.

இலை

அன்றைக்குச் சாயங்காலம் தாத்தாவைப் பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போனேன். பிரியாணி வேண்டாம் என்றார், அதனால் புரோட்டா சொன்னோம். இரண்டைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி ஊறவைத்து நிதானமாகச் சாப்பிட்டார். முடித்ததும் இலையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. ஓலைக்கூரை டம்ளர் ஞாபகம் வந்துவிட்டது. “விடுங்க தாத்தா, அவங்க எடுத்துக்குவாங்க. இப்பல்லாம் நீங்க எடுக்கணும்னு இல்ல” என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு சிரித்தார்.

“ஏய்யா, அந்த பாய் கடையில ஒரு போர்டு இருந்துச்சு. சாப்பிட்ட இலைய நீங்களே எடுக்கணும்னு. எனக்கு முன்னால உக்காந்திருந்தவரு எங்க ஊரு பெரிய வீட்டுக்காரரு. அவரும் எடுத்தாரு. நானும் எடுத்தேன். எல்லாரும் எடுத்தாங்க. அதான்.”

இலையைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவினார்.